மல்லிகைப் பாத்தியில் உப்பு

1931 மார்ச் 3, செவ்வாய்

காலையில் பனி. ஏழு மணிக்கெல்லாம் வெயில் முகத்தில் அறைந்தது. மத்தியானம் மேற்கே கறுத்து, ஒரு துளி விழாமல் கலைந்தது. பனியா, வெயிலா, மழையா, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்கட்டும் இந்த வானம்.

செய்தவை: கத்தரி நாற்று நட்டது. ரோஜாவுக்கு வேப்பம் பிண்ணாக்கு. புடலைப் பந்தலுக்குக் கயிறு மாற்றியது. மல்லிகையைச் சுற்றி வந்தது, நான்கைந்து முறை. மொட்டு இல்லை.

நம் வீட்டு மல்லிகை தமிழ் மாதம் பார்ப்பதில்லை; கோவில் நாள் பார்க்கும். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று கவாத்து. அதன்பின் சொட்டுத் தண்ணீர் கிடையாது. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு பூசையிலிருந்து வந்து முதல் தண்ணீர். பட்டினி கிடந்த செடி ஒரே மூச்சாகத் துளிர்த்து, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு ஒரே மூச்சாகப் பூக்கும். என் வீட்டுக்காரர் இந்த ஊருக்குப் போஸ்ட் மாஸ்டராக வந்த காலத்தில் ஏற்படுத்திய முறை. அன்று முதல் பாஸ்குவுக்குப் பீடத்துப் பூ, சப்பரத்துப் பூ இரண்டும் எங்கள் தோட்டத்திலிருந்துதான். அவர் காலமான வருஷமும் நிற்கவில்லை.

இந்த வருஷம் சாம்பலுக்கு முன்பே மழை. யார் கேட்டார்கள் அதை? பட்டினி முடியுமுன் செடி திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டது. இப்போது இலை, இலை, இலை. மாட்டுக்குப் போடலாம்.

மார்ச் 4, புதன்

வெயில். காற்று மதில் பக்கத்திலிருந்து, ஆகவே நாற்றம். மதிலுக்கு அந்தப் பக்கம் காதர் சாயபுவின் தோல் ஷாப். சுண்ணாம்புத் தொட்டியைக் கலக்கும் நாளில் சாப்பாடு இறங்குவதில்லை. அவருடைய கழிவுநீர் இறங்கி என் கிணறு கரிக்கிறது என்று யூனியன் ஆபீசில் மனு கொடுத்து மாதங்கள் ஆயின. வந்து பார்க்கிறார்கள், மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

தண்ணீர் இறைக்கும் காத்தாயி யோசனை சொன்னாள். அவள் புருஷன் மாரி அந்தத் தோல் ஷாப்பில் வேலை.

“அம்மா, தோலு ஊறப் போட்ட ஆவாரம் பட்டை அங்க மலை மாதிரி கீது. செடி மூட்டுல கொட்டினா வெயிலு தாக்காது. மாரியாண்ட சொல்லட்டா?”

“அந்த ஷாப்புச் சாமான் ஒரு துரும்பு என் மதிலுக்குள்ள வரக்கூடாது.”

“பட்டை இன்னாம்மா பண்ணிச்சு உங்கள?”

வாயாடி. ஆனால் இறைப்பதில் சோம்பல் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

சிலுவைப்பாதை. புழுக்கம். கோவில் வாசலில் ரோசலின் பிடித்துக்கொண்டாள். அவருடைய தம்பி மனைவி, என் ஓரகத்தி. (இனி ரோ. முழுப் பெயர் எழுதினால் மை வீண்.)

“அக்கா, செடில ஒண்ணுமே இல்லியாமே?”

“யார் சொன்னது?”

“ஊரே பேசுது. இந்த வயசுல எதுக்கு மல்லுக்கட்டறீங்க? மெட்ராஸ்ல பேப்பர் பூ விக்கிது, நெஜம் மாதிரியே. வாடாது, புழு வைக்காது, மழை வந்தா வரட்டும்.”

“சாகாததுக்கு உயிர்ப்பு ஏது, ரோசலின்? உன் காகிதம் எப்ப செத்துது, எப்ப எழுந்துது?”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ரோ. சிரிக்கவில்லை. நேரே பங்குச் சாமியாரிடம் போனாள்.

மார்ச் 8, ஞாயிறு

எதிர்பார்த்ததுதான். பூசை முடிந்து சாமியார் கூப்பிட்டார். புதுச் சாமியார், முப்பது வயது இருக்காது, எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்க்கிறவர். அதனால் யாருக்கும் திருப்தி இல்லை. அவர் தீர்ப்பு: பாஸ்குவுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று வந்து செடியைப் பார்ப்பார். மொட்டு போதுமென்றால் என் பூ. போதாதென்றால் ரோ.வின் காகிதம்.

“மனஸ்தாபம் வேணாம், அம்மா. ரெண்டு பேரும் ஆண்டவருக்குத்தானே செய்றீங்க?”

நான் ஆண்டவருக்குச் செய்கிறேன். ரோ. எனக்குச் செய்கிறாள். இதைச் சொல்லவில்லை. தவசு காலம்.

மார்ச் 9, திங்கள்

மேகமும் வெயிலும் மாறி மாறி. தண்ணீரை நிறுத்தினேன். இலை உருவ ஆரம்பித்தேன். தின்று கொழுத்த செடிக்கு வேறு வைத்தியம் இல்லை: நுனியை விட்டு, ஒவ்வொரு கிளையாகக் கையால் இலையை உருவ வேண்டும். கத்தரிக்கோல் கூடாது, கணு நசுங்கும். மடத்தில் எங்களுக்குத் தோட்ட வேலை சொல்லிக்கொடுத்த மதர், அவசரப்பட்டு உருவினால் கையில் பிரம்பால் தட்டுவார். காத்தாயி அவசரப்படுகிறாள். என்னிடம் பிரம்பு இல்லை.

முதுகு வலி. கத்தரி நாற்றில் பாதி வெயிலில் கருகியது. மறுபடி நட வேண்டும்.

மார்ச் 11, புதன்

விடியலில் தூறல். தண்ணீரை நிறுத்தி வைத்தால் மேலிருந்து ஊற்றுகிறது! படுதா இரண்டு, பழைய சாக்கு, அவருடைய மழைக்கோட்டு, எல்லாம் விரித்தேன். ஐந்து செடியைத்தான் மூட முடிந்தது, மற்றவை நனைந்தன. ஒன்பது மணிக்கு வெயில். படுதாவுக்குள் செடி வேகிறது. எல்லாம் எடுத்தேன். மத்தியானம் மறுபடி மேகம். விரித்தேன். வரவில்லை. எடுத்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷனிடம் காத்தாயி: “எங்க அம்மாவும் வானமும் சண்ட. நடுவுல நான் படுதா தூக்கி ஓயறேன்.”

கேட்டுவிட்டது. கேட்காததுபோல் இருந்தேன்.

மார்ச் 14, சனி

கடும் வெயில். நல்ல வெயில். இலை உருவிய கணுக்களில் பச்சையாக, கடுகு போல. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மொட்டு.

ஒவ்வொரு செடியிலும். ஒன்றில் மட்டும், கிணற்றோரத்துச் செடியில், கம்மி. அது எப்போதும் முரண்டு.

இரவு ஜெபத்தில் நன்றி சொன்னேன். ரோ.வுக்காகவும் ஒன்று சொல்ல நினைத்தேன். தூக்கம் வந்துவிட்டது.

மார்ச் 19, வியாழன். சூசையப்பர் திருநாள்

என் வீட்டுக்காரருடைய நாமத் திருநாளும் இதுதான். கல்லறைக்குப் போய் வந்தேன். யாரோ ஆட்டை உள்ளே விட்டிருக்கிறார்கள். காவல்காரனை நன்றாக ஏசினேன்.

மொட்டு அரிசி அளவு. மூன்று நாளுக்கு ஒரு தண்ணீர். மொட்டுப்புழு இரண்டு கிடைத்தது. நசுக்கினேன்.

வெயில் மார்ச் மாதத்துக்கு மிக அதிகம். புடலைப் பிஞ்சு வெம்பி உதிர்கிறது. காற்று முற்றிலும் நின்றுவிட்டது. இது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

தூங்குமுன் எழுதிவிடுகிறேன்.

மாலை சிலுவைப்பாதைக்குப் போயிருந்தேன். பாதி நடக்கும்போது இருட்டி, கோவில் ஓட்டின்மேல் கல்லெறிந்தது போல் சத்தம். ஆலங்கட்டி. அவரைக் கொட்டை அளவு, சில அதைவிடப் பெரிது. முடிகிறவரை முழங்காலில் இருந்தேன். மற்றவர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ரோ. என் காதருகே வந்து: “பாவம் அக்கா, உங்க மொட்டு.”

மழையிலேயே வீட்டுக்கு நடந்தேன். குடை திருப்பிக்கொண்டது.

கதவைத் திறந்தால் பாத்தி முழுவதும் மாடுகள் படுத்திருக்கின்றன. அப்படித்தான் தெரிந்தது. வெள்ளை, செம்மறை, கறுப்பு. தோல்கள். மயிர்ப்பக்கம் மேலே, வால்கூட அறுக்கவில்லை. ஒவ்வொரு செடிமேலும் ஒன்று. நாற்றம் சொல்லி முடியாது. நடுவில் காத்தாயி, தலையில் முறத்தைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிப்பு.

“ஒண்ணும் ஆவலம்மா! ஒரு மொட்டு உதுரல! கல்லு கல்லா கொட்டுது, படுதா கிழிஞ்சி பூட்ச்சி. நான் இன்னா பண்றது? மதிலு மேல ஏறி, யோவ் எதனா குடுயான்னு கத்தினேன். வண்டில தோலு எறக்கினு இருந்தாங்க. மாரி எடுத்து எடுத்துப் போட்டான்.”

“யார் வீட்டுல யாரைக் கேட்டு?”

“கேக்கறதுக்கு நீங்க கோயில்ல கீறீங்களே.”

ஒரு தோலைத் தூக்கிப் பார்த்தேன். மொட்டுகள் அப்படியே. மதிலோரத்துத் தும்பைச் செடி, கீரை, ரோஜா எல்லாம் கூழ். மல்லிகை மட்டும் முழுசாக. கிணற்றோரத்துச் செடிக்குத் தோல் எட்டவில்லை, அது மொட்டை.

உடனே எடுக்கச் சொன்னேன். மழை விடவில்லை, நனைந்த தோலை இரண்டு ஆள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. இருட்டும் நேரத்துக்குத்தான் கடைசித் தோல் மதிலைத் தாண்டியது. காத்தாயியைத் திட்டவில்லை. பாராட்டவும் இல்லை.

மார்ச் 21, சனி

வானம் கழுவி விட்டதுபோல். பாத்தியில் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்தேன். விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பைத் தேய்த்துத்தான் வண்டியில் ஏற்றுவார்கள். இந்த ஊரில் நாற்பது வருஷம் அந்த வண்டிகளுக்கு வழிவிட்டு நடந்தவள் நான். எனக்குத் தெரியாதா? மொட்டைப் பார்த்த சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை. மழை அத்தனை தோலின் உப்பையும் கரைத்து, ஒழுங்காக ஒவ்வொரு செடியின் மூட்டிலும் ஊற்றியிருக்கிறது.

காத்தாயி: “நெல்லதுன்னு நெனச்சித்தாம்மா...” அழுதாள். மேல்மண்ணைச் சுரண்டி வெளியே கொட்டச் சொன்னேன். அழுதுகொண்டே சுரண்டினாள்.

பத்து மணிக்குக் காதர் சாயபு வாசலில். நேற்று வேலூர் போயிருந்தாராம். உள்ளே கூப்பிடவில்லை. அவரும் வரவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

“போஸ்ட் மாஸ்டரம்மா, நம்ம தோலு உப்பு போயி ஊறிப்போச்சு. மயிர் கழலுது. யார் ஜவாப்?”

“உங்க தோலை நான் விருந்துக்குக் கூப்பிடலை.”

“ஒங்க வேலைக்காரி கூப்பிட்டா.”

“உங்க ஆள் அனுப்பி வெச்சான்.”

“இனிமே அவன் நம்ம ஆள் இல்லே.”

“அவள் என் ஆள்தான். அதுல மாத்தமில்லை.”

தாடியைத் தடவினார். “நம்ம தண்ணி ஒங்க கெணத்துக்கு வருதுன்னு மனு குடுத்தீங்க. நேத்து நம்ம தோலு ஒங்க செடிக்குக் கொடை புடிச்சுது. அதயும் சேத்து எழுதுங்க.”

“எழுதறேன். குடையில எவ்வளவு உப்பு இருந்துதுன்னும் எழுதறேன்.”

“தோபா, தோபா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே போனார். அவருக்கும் நஷ்டம்தான். இருக்கட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

கோவிலில் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்திவிட்டார்கள். பாஸ்கு வரை முகம் பார்க்க முடியாது.

வெளியே தீர்த்தத் தொட்டியருகே பெண்கள். என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும்தான்.

“மாதாவுக்குப் போத்தினது ஊதாத்துணி. மல்லிக்குப் போத்தினது மாட்டுத்தோலு.”

“தலைல பூ வெக்காதவங்களுக்குப் பூந்தோட்டம் எதுக்குன்றேன்?”

நடுவில் புகுந்து என் செம்பில் தீர்த்தம் மொண்டேன். வழிவிட்டார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

வெயில். இலை ஓரம் பழுப்பு. அடுப்பில் காட்டின காகிதம் போல் உள்நோக்கிச் சுருளுகிறது.

நிறைய நல்ல தண்ணீர் விட்டால் உப்பு கீழே இறங்கும். என் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்தேன், அதுவே கரிக்கிறது. கேடு கெட்ட ஷாப். பாலாற்று மணலில் ஊற்று தோண்டித்தான் நல்ல தண்ணீர். மாரி வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். காவடித் தண்டில் இரண்டு தகர டின் கட்டிக் கொடுத்து ஆற்றுக்கு அனுப்பினேன்.

“எத்தினி நட, அம்மா?”

“நான் போதும்னு சொல்ற வரைக்கும்.”

“அப்போ தீந்தேன்” என்றான். போனான்.

மழைக்காக வானத்தைப் பார்த்தேன். ஆம், நான்தான். போன வாரம் வராதே என்றது, இந்த வாரம் வா என்றது. ஒரு மேகம் கிடையாது.

மார்ச் 26, வியாழன்

ஆற்றுத் தண்ணீர் நேற்றும் இன்றும். பாத்தி குடித்துக்கொண்டே இருக்கிறது. கடைமடை வழியாக வெளியே வரும் தண்ணீர் இன்னும் உப்பு.

மொட்டுகள் பெருகுகின்றன. ஒரே நாளில் இரு மடங்கு. காத்தாயி கை கொட்டினாள். நான் கொட்டவில்லை. மதர் ஒருமுறை, பட்டுப்போய்க்கொண்டிருந்த எலுமிச்சையைக் காட்டினார்: என்றும் இல்லாத பூ. “இது சந்தோஷம் இல்லை. இது பயம்” என்றார். அடுத்த மாதம் விறகு.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. குருத்தோலையோடு பவனி. முடிந்ததும் சாமியார் வந்தார், கூடவே ரோ., கூப்பிடாமல்.

பாத்தியைப் பார்த்துச் சாமியார் நின்றுவிட்டார். இலையே தெரியாமல் மொட்டு. இத்தனை வருஷத்தில் நானும் பார்த்ததில்லை.

“அம்மா! இவ்வளவா! பீடம், சப்பரம், நற்கருணைப் பேழை, எல்லாத்துக்கும் காணும்!”

ரோ.: “ஆனா சாமி, மாட்டுத்தோல் போத்தி வெச்ச பூ. உப்பும் ரத்தமும் குடிச்ச செடி. பீடத்துல வெக்கலாமா?”

“குடில்ல ஆண்டவர் பக்கத்துல மாடுதானே நிக்குது, அம்மா?” என்றார் சாமியார். முதல்முறையாக எனக்கு அவரைப் பிடித்தது.

தீர்ந்தது. என் பூ. ரோ. முகம் பார்க்க நன்றாயிருந்தது. காப்பி கொடுத்தேன், அவளுக்குச் சர்க்கரை தூக்கலாக.

அவர்கள் போனபின் ஒரு கிளையை நகத்தால் கீறினேன். பட்டைக்கு உள்ளே பச்சை இல்லை. கறுப்பு.

மார்ச் 30, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. ஒவ்வொரு செடியாகக் கீறிப் பார்த்தேன். நுனியிலிருந்து கறுப்பு இறங்குகிறது. நேற்றைக் கீறலுக்குக் கீழே ஒரு விரற்கடை இன்று. அடித்தண்டு இன்னும் பச்சை.

கிணற்றோரத்துச் செடி, தோல் எட்டாமல் கல்லடி பட்டு மொட்டையானது, இளம் துளிர் விட்டிருக்கிறது. ஒரு குற்றமும் இல்லை.

ஆகவே இப்படி. திருநாள் வரை விட்டால் பீடம் நிறையப் பூ. சனிக்கிழமைக்குள் கறுப்பு தண்டுக்கு இறங்கும், பிறகு செடி இல்லை. இப்போதே ஒட்ட வெட்டி, இருக்கிற தண்ணீரை வேருக்கு விட்டால் செடி பிழைக்கலாம். பூ இல்லை. ரோ. ஜெயிப்பாள். மொட்டைப் பார்த்துச் சாமியார் தீர்ப்புச் சொன்ன பிறகு, நானே என் கையால் தோற்க வேண்டும்.

ஓரிரு நாள் பொறுக்கலாமா? மழை வருமா? வானத்தை நம்பினால் இப்படித்தான்.

மார்ச் 31, செவ்வாய்

காலை எழுந்ததும் வெட்டினேன்.

காத்தாயி கத்தரிக்கோலைத் தர மாட்டேன் என்று முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். “இன்னாம்மா இது, மொட்டு மொட்டா கீது! நாலு நாளு! நாலே நாளு பொறுத்துக்கோங்கம்மா! ஊரு சிரிக்கும்!”

“சிரிக்கட்டும். கொடு.”

“அந்தம்மா துள்ளிக் குதிப்பாங்க!”

“குதிக்கட்டும். அவளுக்கு முழங்கால் வலி. கொடு.”

முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றையும் விடவில்லை. முதல் செடி கஷ்டம். பிறகு வேலைதான். வெட்டிய கிளைகளில் மொட்டு பச்சையாக மூடிக் கிடந்தது. மாலையாகக் கட்டவும் உதவாத பிஞ்சு. குழி தோண்டிப் புதைத்தோம்.

அவர் நட்டது என்பதற்காக அல்ல. அவர் நட்ட மாமரம் கூரை ஓடுகளை உடைத்தபோது நானே ஆள் வைத்து வெட்டினேன். ஒரு திருநாளுக்காக இருபது திருநாளை விற்க மாட்டேன். அவ்வளவுதான் கணக்கு. எனக்கு எத்தனை திருநாள் பாக்கி என்பது வேறு விஷயம். செடிக்கு அது தெரிய வேண்டியதில்லை.

ஆள் அனுப்பவில்லை. நானே போய்ச் சாமியாரிடம் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை அவ்வளவு இருந்துதே, அம்மா?” காரணம் சொன்னேன். புரிந்ததுபோல் தலையாட்டினார். புரியவில்லை.

ஏப்ரல் 1, புதன்

வெயில். மாரி ஆறு நடை ஆற்றுத் தண்ணீர். வெட்டுவாயில் சாணி பூசினேன்.

ரோ. வந்தாள். வருத்தப்பட வந்தாளாம்.

“அப்பவே சொன்னேன் அக்கா, கேட்டீங்களா? போவட்டும். மெட்ராஸ்லருந்து நாளைக்கு ரயில்ல பெட்டி வருது. ரோஸ், நீலம், செவப்பு. சப்பரத்துக்கும் சேத்துச் சொல்லிட்டேன். நீங்க வந்து ஒரு பக்கம் கட்டிக் குடுங்களேன்?”

“எனக்குக் கை வலி.”

“வெட்றதுக்கு வலிக்கல?”

இதற்கு நல்ல பதில் இருந்தது. பெரிய வாரம். அவள் போனபின் மாட்டுக்கொட்டகையில் நின்று அந்தப் பதிலைச் சொன்னேன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மண்ணைத் தொடவில்லை. ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. கோவிலில் அனல். மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள், ஒருத்தி நடிப்பு.

வரும் வழியில் காதர் சாயபுவின் ஷாப்பில் மாரியைப் பார்த்தேன், சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பு வரை. மறுபடி சேர்த்துக்கொண்டார்களாம். அவன் இல்லாமல் தொட்டி கலக்க ஆள் சரியில்லையாம். எனக்குத் தண்ணீர் தூக்க இனி ஆள் இல்லை. சாயபு திண்டில் உட்கார்ந்திருந்தார்.

“செடியெல்லாம் வெட்டிட்டீங்களாமே?”

“ஆமாம்.”

“நம்ம தோலும் பாதிக்கு மேல வீண்.” பிறகு, “வேர் பொழைக்குமா?”

“மழை பெய்தால்.”

மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். வெண்கலம் போல் வானம். மனுவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் வாபஸ் என்று சொல்லவில்லை. வாங்கப்போவதும் இல்லை.

ஏப்ரல் 4, பெரிய சனி

காலைச் சடங்கு. பீடத்தில் ரோ.வின் பூ. எந்தச் செடியிலும் இல்லாத ஒரு நீலம். பசை நாற்றம், சாம்பிராணியையும் மீறி. ஜனங்கள் “அழகு, அழகு” என்றார்கள். எனக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரக்க.

மத்தியானம் சப்பரம் ஜோடித்தார்கள். பார்க்கப் போகவில்லை. சப்தம் இங்கே வரை.

கிணற்றோரத்துச் செடியில் துளிர் நுனியில் ஏழெட்டு மொட்டு. நாளைக்குப் பூக்கும். ஒரு மாலைக்கு ஆகாது.

மாலை மேற்கே கறுப்பு. கலையும். இந்த வருஷம் கறுத்தால் கலைகிறது.

ஏப்ரல் 5, பாஸ்குத் திருநாள்

கலையவில்லை.

விடியற்காலைப் பவனி. கிளம்பும்போது காற்றில் மண் வாசனை. நான் பின்வரிசையில். எங்கள் தெருவுக்குள் சப்பரம் திரும்பியதும் ஒரு இடி, பிறகு வாளி வாளியாக. தூக்குகிறவர்கள் ஓடி வந்து என் வாசல் கொட்டகைக்குள் சப்பரத்தை இறக்கினார்கள். சப்பரம் அடங்கும் வேறு கூரை அந்தத் தெருவில் இல்லை. மேளக்காரர்கள், சாமியார், ரோ., பாதி ஊர், எல்லாரும் என் வாசலில்.

அதற்குள் நன்றாக நனைந்துவிட்டது. சாயம் இறங்கியது. சிவப்பும் ரோஸும் நீலமும் உயிர்த்த ஆண்டவரின் வெள்ளை அங்கி வழியாக, நெற்றியிலிருந்து பாதம் வரை. ஒரு பெண்பிள்ளை உரக்கச் சொல்லிவிட்டாள்: “ஐயோ, ஆண்டவரு மறுபடி பெரிய வெள்ளிக்குப் பூட்டாரு!”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். சாமியார் திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. ரோ. சேலை முன்பக்கம் முழுவதும் சிவப்பு. காகிதத்தை இரண்டு கையாலும் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பிய்க்கப் பிய்க்கக் கையிலும் சாயம்.

நான் சிரிக்கவில்லை. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

“அக்கா, ஒரு துணி குடுங்க” என்றாள்.

நல்ல துணிதான் கொடுத்தேன், வெளுத்தது. உள்ளே வந்து வாங்கினாள். கூடத்தில் மாதா படத்தின் முன் சின்னக் கிண்ணத்தில் கிணற்றோரத்துச் செடியின் பூ, காலையில் நான் பறித்து வைத்தது. கூடம் முழுக்க வாசனை. ரோ. பார்த்தாள். மூச்சை இழுத்தாள், தன்னை அறியாமல்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கேட்கவில்லை.

ஆண்டவரின் முகத்தை நானே துடைத்தேன். அங்கியில் கறை போகாது.

“மழை விட்டதும் போலாம்” என்றார் சாமியார். எல்லாரும் விடும் விடும் என்று வானத்தைப் பார்த்து நின்றார்கள்.

நான் பின்பக்கம் போனேன். குடை எடுக்கவில்லை. வெட்டிய தண்டுகள் மழையில் குத்துக்குத்தாக நின்றன. பாத்தி நிரம்பிக் கடைமடை வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து, ஒரு கை அள்ளி, நாக்கில் வைத்தேன். கரிப்பு குறைந்திருக்கிறது. போகவில்லை.

பெய்யட்டும்.